ஒரு மூடித் தண்ணீர்

இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானத்துக்கு வந்திருப்பவர்கள் மட்டும் முன்பெஞ்சுகளுக்கு வாருங்கள் என்று கஸ்மீர் சாமி மைக்கில் சொன்னதும் மெட்டில்டாவின் நெஞ்சு ஒருதரம் எகிறி அடித்தது, அப்புறம் அடித்துக்கொண்டே இருந்தது, கையிலிருந்த பிள்ளைக்கே அது கேட்டிருக்க வேண்டும், தலையைத் திருப்பி அவள் மார்பில் காதை ஒட்டிக்கொண்டாள். ஆறரைக் கிலோ. போன வாரம் தடுப்பூசி போட்ட இடத்தில் நிறுத்துச் சொன்னார்கள். ஆயிரத்து முந்நூறு கிராமாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் ஏழு மாதத்தில் ஆறரைக் கிலோவாகி, வெள்ளைக் கவுனும் லேஸ் தொப்பியுமாக, தூத்துக்குடிப் புழுக்கத்தில் மூக்கு நுனி வேர்க்க, விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். தம்பி ரேமண்ட் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சங்கரவடிவு, பட்டுச்சேலை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம், கோயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. மெட்டில்டாவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. உப்புக் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். இன்னும் அரைமணி நேரத்தில் அவளும் ஒரு தாய். ஞானத்தாய் என்றால் சும்மா போட்டோவுக்கு நிற்கிறது இல்லை, பெற்றவர்கள் இல்லாத இடத்தில் நீங்கள்தான் நிற்கவேண்டும் என்று எத்தனை வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு வாய் காப்பி இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் என்று ரேமண்டிடம் சொன்னாள். அது பொய்யும் இல்லை. கால்கள் தரையில் பாவாத சந்தோஷம்தான். ஆனால் அதன் அடியில் ஒன்று கிடந்து துடித்தது. இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. கொடுத்தது அவள்.

அது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், பிள்ளைக்கும் தெரியும் என்றால் பிள்ளைக்கும். வடிவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே, விடியற்காலையில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். வடிவு மயக்கத்தில். ரேமண்டை ரத்தம் வாங்கிவர ஓடச் சொல்லிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் மெட்டில்டா மட்டும். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, எதிரே டீக்கடையில் பாய்லர் சீறிக்கொண்டிருந்தது, அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, பிள்ளைக்குச் சொந்தக்காரங்க யாரு, ஒரே ஒரு ஆள் வந்து பாத்துக்கிடுங்க என்றாள். பாத்துக்கிடுங்க என்று அவள் சொன்ன விதம். வந்து பாருங்க என்று சொல்லியிருந்தால் வேறு. பாத்துக்கிடுங்க என்றால், இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்று அர்த்தம். உள்ளே போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் தோலுரித்த ஏதோ ஒன்றைப் போல, நீலம் பாய்ந்து, விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி, ஒவ்வொரு மூச்சையும் யாரிடமோ பிடுங்கிக்கொண்டு வருகிறாற்போல. நர்ஸ் போனில் டாக்டரிடம் பேசத் திரும்பினாள். கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகினாள், மூடியிலேயே ஊற்றினாள், பெட்டியின் வட்ட ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். அவள் யோசிக்கவே இல்லை. பின்னால் எவ்வளவோ யோசித்தாகிவிட்டது, ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை, கை தானாகப் போயிற்று, பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கப் போகிற கை மாதிரி.

ஏன் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். ஏழு வயதில் அவள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து ஒரு மணிநேரம் இருந்துவிட்டுப் போனது, அவளுக்கும் ரேமண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. பேறு பார்க்க வந்தவளுக்குத் தோன்றவில்லை, அம்மா வியாகுலம் அரைமயக்கத்தில் கிடந்தாள், அப்பா சாமியாரைக் கூட்டிவர சைக்கிளில் போயிருந்தார். சாமியார் வந்து சேர்ந்தபோது பிள்ளை குளிர்ந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மற்றவர்களோடு வைக்கிறது அப்போது வழக்கமில்லை, கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே உடைமரத்துப் பக்கம் வைத்தார்கள், அப்பா அட்டைப்பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திப் போனதை மெட்டில்டா வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, வேதனை இல்லாத ஆனால் ஆண்டவர் முகம் தெரியாத ஒரு இடத்தில் இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அதை நினைத்து நினைத்து முப்பது வருடம் தேய்ந்தாள். ஒரு கை தண்ணிதானே, மெட்டி, குடம் பக்கத்துலயே இருந்துச்சு. சாகிற வாரம்கூட அதைத்தான் சொன்னாள். இப்போது திருச்சபையே அப்படி ஓர் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை, ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்கிறது, ஞானோபதேச வகுப்பில் மெட்டில்டாவே அதை அழகாக விளக்கிச் சொல்கிறாள், பிள்ளைகள் என்றால் ஆண்டவருக்கு அவ்வளவு இஷ்டம், தண்ணீர் இல்லை என்று வாசலில் நிறுத்திவைப்பாரா என்று. சொல்கிறாள், நம்புகிறாள். ஆனால் அன்று காலை கை அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கைக்கு உடைமரம்தான் தெரிந்தது.

கஸ்மீர் சாமி முதல் பெஞ்சிலிருந்து வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். நான்கு பிள்ளைகள். இவர்களுடையது நான்காவது. பிள்ளைக்கு என்ன பெயர் இட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் ரேமண்ட் வடிவைப் பார்த்தான், வடிவு நிமிர்ந்து, மார்கரெட் நித்திலா என்றாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், எதையும் தேடிப் படித்துவிட்டுத்தான் செய்வாள், நித்திலம் என்றால் முத்து, மார்கரெட் என்றாலும் முத்துதானாம் மதினி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பேரு, என்று அன்றைக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தில் எவ்வளவு பூரிப்பு. இந்தக் குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள். ஞானஸ்நானம் என்றான் ரேமண்ட். ஞானஸ்நானம் என்றாள் வடிவும், மெதுவாக. சாமி குனிந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார், பிறகு தாயை, தகப்பனை, ஞானத்தாயை வரையச் சொன்னார். மெட்டில்டா பெருவிரலை வைத்த இடம் அதே இடம். அன்றைக்கு அங்கே தோல் காகிதம்போல் இருந்தது, உள்ளே நரம்பு ஓடியது தெரிந்தது, இன்றைக்கு மெத்தென்று, வேர்வையும் பவுடருமாக. பிழைத்துக்கொண்டாளே. பிழைத்துக்கொண்டாளே என்று அந்தக் குதிப்பு மறுபடி வந்தது, எல்லாப் பயத்தையும் ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வந்தது. நுரையீரலுக்குள் செலுத்திய மருந்தினால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார், உண்மைதான். ஆனால் தண்ணீர் பட்டதற்கு அப்புறம்தான் நீலம் இறங்கியது என்று மெட்டில்டாவின் மனசில் ஒரு மூலை நம்பியது, அந்த மூலையை அவள் யாருக்கும் காட்டியதில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அதே மூலைதான் அவளைப் போட்டுப் பிடுங்கியது, நீ ஊற்றிய தண்ணீரால்தான், கொதிக்கவைக்காத தண்ணீர், கழுவாத கை. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. அந்த இரண்டு நாளில் அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எத்தனை செபமாலை சொன்னாள் என்று கணக்கில்லை.

வாசகம் படித்தார்கள். மெட்டில்டாவின் காதில் பாதி விழுந்தது. அவள் வடிவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மடியில் கோர்த்து வைத்திருந்த கைகள். கல்யாணத்தின்போது வடிவு இந்து, ரேமண்ட் கத்தோலிக்கன் என்று ஆயரிடம் தனி அனுமதி வாங்கினார்கள், பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று ரேமண்ட் கையெழுத்துப் போட்டான், வடிவும் அதைப் படித்துப் பார்த்தாள். படித்துவிட்டு வெளியே வந்து தெளிவாகச் சொன்னாள், நீங்க உங்களால ஆனதச் செய்யுங்க, நான் வேண்டாம்னு சொல்லுவேன், பிள்ள வளந்து தானே எந்தக் கோயிலுக்குப் போகணுமோ போகட்டும். ரேமண்ட் ஒத்துக்கொண்டான், மெட்டில்டாவிடமும் வந்து சொன்னான், அக்கா, நீயும் இதுல ஒண்ணும் பேசாத. அவளும் சரி என்றாள். வாய்விட்டுச் சரி என்றாள். அந்தச் சரிதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. இல்லை, அதுகூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வடிவு சமையல்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதுதான் நிற்கிறது. மதினி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துருவோம், நீங்களே ஞானத்தாயா இருங்க. மெட்டில்டா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வடிவு கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், ஆஸ்பத்திரியில அவ கெடந்தப்ப உங்க ஆளுக சாகப்போற பிள்ளைக்கு ரகசியமாத் தண்ணி ஊத்திருவாங்கன்னு எங்கம்மா பயந்துகிட்டே இருந்தா, நீங்க நெனச்சிருந்தா செஞ்சிருக்கலாம், எங்க வார்த்தைய மதிச்சிச் சும்மா இருந்தீங்க, அதனாலதான் எனக்கே மனசு வந்துச்சு. அப்போது சொல்லியிருக்கவேண்டும். ஒரு நொடி இருந்தது, வாய் திறந்துகூட இருந்தது, குக்கர் விசில் அடித்தது, வடிவு எழுந்து போய்விட்டாள். குக்கரைக் குற்றம் சொல்ல முடியுமா. மூன்றாவது விசிலுக்கும் அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த அறுபது நாளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது.

புனிதர்களின் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வாய் தானாகச் சொன்னது. ஒருவேளை அது செல்லாமல் போயிருக்கலாமே. இந்த வாசலை அவள் ஆயிரம் தடவை தட்டியிருக்கிறாள். தண்ணீர் ஓடவேண்டும், சும்மா ஈரம் பட்டால் போதாது. ஒரு மூடித் தண்ணீர் ஓடுமா. ஓடியது, நெற்றியிலிருந்து காதுப் பக்கமாக ஓடி அடியில் விரித்திருந்த துணி நனைந்தது, அவள் கண்ணால் பார்த்தாள். வார்த்தை சரியாகச் சொன்னாளா. வகுப்பில் சொல்லிக்கொடுப்பது புது வார்த்தை, அன்றைக்கு வாயில் வந்தது அம்மா சொல்லிக்கொடுத்த பழைய வார்த்தை, பிதாவினுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன். பழசானாலும் செல்லும். செல்லாது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கினாள், அதே மூச்சில், அப்படி யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் மேல் பாய்ந்துவிடுவாள் என்றும் தெரிந்தது. என் தண்ணீர் அது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று இரண்டு தடவை முழந்தாளிட்டு, வேறு பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வருத்தப்படாத ஒன்றை எப்படிச் சொல்வது. உயிர் போகிற ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம், பெற்றவர்களுக்கு இஷ்டமில்லாவிட்டாலும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. சட்டம் முழுக்க அவள் பக்கம். வடிவின் முகம் மட்டும் அவள் பக்கம் இல்லை. போன வியாழக்கிழமை பெற்றோர்களுக்கான வகுப்பு முடிந்து கஸ்மீர் சாமியிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள், ஆபத்து ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைக்கு, சாமி, கோயில்ல வச்சுத் திருப்பிக் குடுக்கலாமா. அவர் சிரித்தார், அத நீங்கதானே டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிறீங்க, ஒருக்காதானே, மீதிச் சடங்குதான் செய்யணும், ஏன் கேக்குறீங்க. வகுப்பில் ஒரு பையன் கேட்டான் என்றாள். கீரை ஆய்ந்த அன்று பேசாமல் இருந்தது முதல் பொய் என்றால் இது இரண்டாவது. சாமியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வடிவிடம் கேட்டிருப்பார், வடிவு அதை ஒரு அந்நியர் வாயால் கேட்டிருப்பாள். அதற்கு இந்தப் பொய்யே மேல் என்று அன்று தோன்றியது. இப்போது எதுவும் எதற்கும் மேலாகத் தோன்றவில்லை.

எல்லாரையும் ஞானஸ்நானத் தொட்டி அருகே அழைத்தார்கள். கல்தொட்டியைச் சுற்றி நான்கு குடும்பங்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த சித்தப்பாக்கள், மல்லிகைப்பூ வாசமும் பால் வாசமும். சாமி தண்ணீரை மந்திரித்தார். பிறகு கேட்டார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா. விட்டுவிடுகிறோம் என்றார்கள் எல்லாரும். அவனுடைய செயல்களை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா. விட்டுவிடுகிறோம். மெட்டில்டாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வடிவும் வாயைத் திறக்கவில்லை. அவள் நம்பாததை அவள் சொல்லமாட்டாள், அதை முன்கூட்டியே சாமியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள், நான் சும்மா நிக்கேன் ஃபாதர், பொய்யாச் சொல்லக்கூடாதுல்லா. இந்தக் கூட்டத்திலேயே சாத்தானுக்கு இடம் கொடுக்காத ஒருத்தி என்றால் அவள்தான் என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது. முதல் பிள்ளையைச் சாய்த்துப் பிடித்தார்கள். சாமி சிப்பியில் தண்ணீரை மொண்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பிள்ளை வீறிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றால் நான்கு நிமிடம். சும்மா இருந்துவிட்டால் என்ன, தண்ணீர்தானே, இன்னொரு தடவை பட்டால் பிள்ளைக்கு என்ன, பாவம் வந்தால் என் தலையில் வரட்டும், வடிவு சிரித்த முகமாக வீட்டுக்குப் போவாள், பிரியாணி காத்திருக்கிறது, நானும் சாகிறவரை ஞானத்தாய். சாகிறவரை. இந்தப் பிள்ளை வளர்ந்து பத்து வயதில் வந்து அத்தை, பொய் சொல்லக்கூடாதுதானே என்று கேட்கும். அப்போது நான் என்ன சொல்வேன். மெட்டில்டா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வடிவின் முழங்கையைத் தொட்டாள்.

"வடிவு, ஒரு நிமிசம் வெளிய வா."

"என்ன மதினி, தலை சுத்துதா? காப்பி குடிங்கன்னு அப்பவே சொன்னேன்."

"வா."

பக்கவாசலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் தகரக் கூரையின் நிழல் கொஞ்சம் விழுந்திருந்தது. மெட்டில்டா எப்படிச் சொல்லவேண்டும் என்று அறுபது நாளாக அடுக்கிவைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை.

"இவளுக்கு ஞானஸ்நானம் ஆயிட்டு வடிவு."

"இனிமேதான மதினி. ரெண்டாவது பிள்ளைதான் போய்க்கிட்டிருக்கு."

"ஆயிட்டு. பொறந்த அன்னைக்கே. ஆஸ்பத்திரியில. நான்தான் ஊத்தினேன்."

வடிவு முதலில் சிரிக்கிற மாதிரி இருந்தாள். பிறகு சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள், பிடுங்கவில்லை, பஸ்ஸில் கூட்டத்துக்குள் ஒருவரிடமிருந்து பையை வாங்குகிறாற்போல் வாங்கிக்கொண்டாள். ஆறரைக் கிலோ போனதும் மெட்டில்டாவின் கைகள் மேலே எழும்பின, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே தண்ணீர் விழுந்தது, ஒரு பிள்ளை அழுதது, ஆமென் என்றார்கள். இப்போது அவள் போய்விடுவாள், இப்படியே ஆட்டோ பிடித்துத் திருநெல்வேலியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், நான் இந்தப் பிள்ளையை இனிமேல் தூக்கவே மாட்டேன், ரேமண்ட் என்னிடம் பேசமாட்டான், ஆனால் சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்த அடிப்பில் பயம் எது சந்தோஷம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"எத்தன மணிக்கு?"

"காலையில ஆறேகால்."

"நான் அப்ப எங்க இருந்தேன்?"

"உனக்குத் தையல் போட்டுக்கிட்டிருந்தாங்க. மயக்கத்துல கெடந்த. தம்பி ரத்தம் வாங்கப் போயிருந்தான்."

"யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல."

"கேக்க யாரும் இல்ல. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப, நான் அப்பவும் ஊத்தியிருப்பேன்."

வடிவு அவளையே பார்த்தாள். கரும்பலகையில் தப்பாகப் போன கணக்கை எந்த வரியில் தப்பிற்று என்று பார்க்கிற பார்வை.

"அன்னைக்கு நான் கீரை ஆஞ்சுக்கிட்டு அப்படிச் சொன்னேனே. சும்மா இருந்தீங்கன்னு. கேட்டுக்கிட்டே இருந்தீங்களே மதினி."

"இருந்தேன்."

"தண்ணியக்கூட விட்டுரலாம். அதத்தான் எனக்குத் தாங்க முடியல."

மெட்டில்டா தலையை ஆட்டினாள். வடிவு பிள்ளையின் தொப்பியைக் கழற்றி, ஈரமாயிருந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள், ஒதுக்கிவிட்டு அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குரல் மாறிக் கேட்டாள்.

"எப்படி இருந்தா?"

"என்ன?"

"அப்ப அவ எப்படி இருந்தா? நான் மூணாம் நாளுதான பாத்தேன். உங்க தம்பிகிட்டக் கேட்டா அதப் பேசாதங்காரு. நர்ஸ்மாரு நல்லாருந்தான்னு சொல்லிட்டுப் போயிருதாங்க. யாரும் எனக்குச் சொல்லவே இல்ல."

இதை யாரும் கேட்பார்கள் என்று மெட்டில்டா நினைத்ததே இல்லை. ஏழு மாதமாக அவள் ஒருத்தியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடம், அதற்கு உண்மையில் உரியவள் எதிரே நின்று கேட்கிறாள். எல்லாவற்றையும் சொன்னாள். கை என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்துச்சு. நீலமா இருந்தா. நெஞ்சு உள்ள போய்ப் போய் வந்துச்சு, ஆனா விடல, ஒவ்வொண்ணா இழுத்தா. கண்ணத் தெறக்கல. காலு ஒண்ண மட்டும் ஒதச்சிக்கிட்டே இருந்தா. தண்ணி பட்டதும் மொகத்தச் சுளிச்சா, அழல, சத்தம் வர்றதுக்கு அவகிட்ட மூச்சு இல்ல, ஆனா நல்லாச் சுளிச்சா, கோவமா, உன்ன மாதிரி.

"தண்ணி ஊத்தும்போது பேரு சொல்லணுமாம்ல. புஸ்தகத்துல படிச்சேன். என்ன பேரு சொன்னீங்க?"

"பேருதான் அப்ப இல்லையே. வாயில ஒண்ணும் வரல. வடிவு மகளேன்னு கூப்பிட்டேன்."

வடிவு பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் ஒருதரம் குலுங்கியது. பிள்ளை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. நிமிர்ந்தபோது கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது, முகத்தில் இளக்கம் ஒன்றும் இல்லை.

"எனக்குக் கோவம் இருக்கு மதினி. இன்னைக்குப் போகாது. நாளைக்கும் போகாதுன்னுதான் நெனைக்கேன்."

"இருக்கட்டும்."

"இப்ப உள்ள திரும்ப ஊத்துனா என்ன ஆகும்?"

"ஊத்தக்கூடாது. ஒருக்காதான் உண்டு. திரும்ப ஊத்தினா மொதல்ல ஊத்தினது இல்லைன்னு சொல்ற மாதிரி."

ரேமண்ட் பக்கவாசலில் வந்து நின்றான், கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி, நெற்றியெல்லாம் வேர்வை. ரெண்டு பேரும் இங்க என்ன செய்றீங்க, நம்ம மொறை வந்துட்டு, சாமி காத்துக்கிட்டு நிக்கிறார் என்றான். வடிவு முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே நடந்தாள். மெட்டில்டா பின்னால் போனாள். அந்த இருபது அடியில் எத்தனை எண்ணம். வடிவு ஒன்றும் சொல்லாமல் நிற்கப்போகிறாள், நான்தான் சொல்லவேண்டும், சாமி நிறுத்துங்கள் என்று எல்லார் முன்னாலும், ஞானோபதேச டீச்சர், சித்தப்பாக்களின் செல்போன்கள், அம்மா, ஒரு கை தண்ணி, அது இல்லாமல் நீ முப்பது வருடம், அது கொடுத்ததால் நான் எத்தனை வருடமோ. தொட்டியருகே கஸ்மீர் சாமி சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றிருந்தார், ஞானத்தாய் பிள்ளையை ஏந்திக்கொள்ளுங்கள் என்றார். வடிவு திரும்பினாள். ஒரு கணம் இரண்டு பேரும் பிள்ளையின் தலைக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வடிவு பிள்ளையை நீட்டினாள், மெட்டில்டாவின் கை வாங்கிக்கொண்டது, கனம் வந்து உட்கார்ந்தது. சாமி சிப்பியைத் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்கினார்.

"சாமி, இவளுக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்றாள் வடிவு.

அவள் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் வகுப்பில் பேசிப் பழகிய குரல், கடைசிப் பெஞ்சுவரை போயிற்று. சிப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழுந்தது. ரேமண்ட் என்னது என்றான். சாமி வடிவைப் பார்த்தார், மெட்டில்டாவைப் பார்த்தார், வியாழக்கிழமையை நினைத்துக்கொள்கிறார் என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது.

"எப்போம்மா? யாரு ஊத்துனது?"

"பொறந்த அன்னைக்கி, காலையில ஆறேகாலுக்கு. எங்க மதினி. நானும் இல்ல, அவ அப்பாவும் இல்ல, பிள்ள தனியாக் கெடந்தா. அப்ப இவங்கதான் அவகிட்ட இருந்தாங்க."

"தண்ணி ஓடுச்சா டீச்சர்?"

"ஓடுச்சு சாமி" என்றாள் மெட்டில்டா. குரல் உடைந்து, சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. "நெத்தியிலருந்து காதுவரைக்கும்."

சாமி சிப்பியைத் துணியில் துடைத்துக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்போ தண்ணி வேண்டாம், எண்ணெயிலருந்து தொடங்குவோம் என்று கிறிஸ்மா தைலச் சிமிழைக் கையில் எடுத்தார். பிள்ளை காலை உதைத்தது. வடிவு கையை நீட்டி, மெட்டில்டாவின் முகத்தைப் பார்க்காமலே, அந்தக் காலை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, சாமி எண்ணெய் பூசி முடிக்கிறவரை, மெட்டில்டாவின் தோளை ஒட்டி அப்படியே நின்றாள்.